எலித்தடம்

எலி இறங்கிய வயலை வரப்பில் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் நாலைந்து வரிசைப் பயிர் பச்சென்று நிற்கும். உள்ளே இறங்கி நடந்தால்தான் நடுவயலில் திட்டுத் திட்டாகப் பயிர் மடிந்து கிடப்பது கண்ணில் படும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரைச் சாய்வாகக் கடித்துப் போட்டிருக்கும். தின்றது கொஞ்சம், வெட்டிப் போட்டதுதான் அதிகம். எலியின் முன்பல் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருப்பது. எதையாவது கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். வயிறு நிறைந்த எலியும் பயிரை விட்டுவைக்காது.

மன்னார்குடிக்குத் தெற்கே, பாமணியாற்றுப் பாசனத்தில், வயலுக்குக் கிட்டி வைப்பது என் தொழில். சித்தப்பாவிடம் கற்றுக்கொண்டேன். வேளாண்மைப் புத்தகங்களில் தஞ்சாவூர் கிட்டி என்று படம் போட்டிருக்கிற மூங்கில் பொறி இதுதான். மூங்கில், கயிறு, கொஞ்சம் பொரியரிசி, இவ்வளவுதான் செலவு. வயலுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் தென்னந்தோப்புக்கும்கூடக் கையால் செய்கிற பொறிகளையே வைத்துப் பழகியவன் நான். இத்தனை காலத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. பொறி வைக்க வேண்டிய காலம் சேதம் கண்ணுக்குத் தெரிகிற காலம் அல்ல, அதற்கு முந்தியது. இதைச் சொல்லிச் சொல்லியே பாதித் தொண்டை போயிருக்கிறது.

முதலில், வெட்டியது எலிதானா என்று பார்க்க வேண்டும். நடவு முடிந்த கையோடு ஒரு விவசாயி கூப்பிட்டார். "அண்ணே, எலி நாத்தைப் பூரா வெட்டிப் போட்டுடுச்சு, இன்னிக்கே கிட்டி போடுங்க" என்றார். போய்ப் பார்த்தால் நாற்று அடியோடு வெட்டுப்பட்டு மிதக்கிறது, அதுவும் வரப்போரத்தில் மட்டும். வரப்பில் வட்டமான துளை, வாயில் ஈரமண் உருண்டை உருண்டையாகக் கிடக்கிறது. "தம்பி, இது நண்டு வேலை. கிட்டி வச்சா உங்களுக்குக் கூலிதான் தண்டம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நண்டு ஓரத்தில் ஆரம்பிக்கும், எலி நடுவில் ஆரம்பிக்கும். நண்டு இளநாற்றை அடியில் வெட்டும், எலி தூர் கட்டிய பயிரைத் தண்ணீருக்கு மேலே சாய்த்து வெட்டும்.

எலியிலும் எல்லாம் ஒரே எலி அல்ல. வரப்பைக் குடைகிற வரப்பெலிதான் எங்கள் பக்கம் பெரிய எதிரி. மொத்தையான உடம்பு, மழுங்கிய மூஞ்சி, சீறுகிற குணம். வளைக்குள் அறை அறையாகத் தோண்டி, கதிர் முற்றுகிற காலத்தில் நெல்லைக் கொண்டுபோய் நிரப்பும். அறுவடைக்குப் பின் அந்த வளையை வெட்டி நெல் எடுத்துக் குடும்பம் நடத்தியவர்கள் எங்கள் ஊரில் இருந்தார்கள். புல்லெலி சிறிது, மென்மையான முடி, அதன் வளை ஆழமில்லை. வயல் சுண்டெலி விரல் நீளம்தான், விதைத்த நெல்லைப் பொறுக்குவதில் கெட்டி. வெள்ளெலி மேட்டுநிலத்து ஆள், தண்ணீர் தேங்குகிற வயலில் அதிகம் பார்க்க முடியாது. வரப்பெலி சினையாகி மூன்று வாரத்தில் குட்டி போட்டுவிடும். அதிலும் நெல் சூல் கட்டுகிற காலத்தில்தான் குட்டி அதிகம் போடும், குட்டியும் தாயுமாகக் கதிருக்கு வந்து சேரும். அப்போது கிட்டி வைத்தால் தினமும் கைநிறைய எலி விழும், விவசாயிக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் வயல் போனது போனதுதான்.

அதனால் தடம் பார்க்கிற வேலை முன்னதாகவே தொடங்கிவிடும். வரப்பெலி தன் வளை வாயை மண்ணால் அடைத்து வைக்கிற பழக்கம் உள்ளது. வாய் திறந்து கிடக்கிற வளையெல்லாம் எலி இருக்கிற வளை என்று நினைத்துவிடக் கூடாது. புதிதாகத் தள்ளிய பொலபொலப்பான மண் எங்கே குவிந்திருக்கிறதோ அங்கேதான் ஆள் இருக்கிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு வழி உண்டு. சாயங்காலம் வரப்பில் உள்ள எல்லாத் துளைகளையும் சேறு வைத்து மிதித்து அடைத்துவிடுவேன். மறுநாள் விடியலில் எவையெவை திறந்தோ, புது மண் தள்ளியோ இருக்கின்றனவோ அவற்றை மட்டும் குச்சி நட்டு அடையாளம் வைப்பேன். மற்றவை காலி வீடு. அடுத்தது, வளையிலிருந்து பயிருக்குள் போகிற தடம். எலி ஒரே வழியில் போய் ஒரே வழியில் வரும். அடிப்பக்கத்துத் தாள்கள் ஒதுங்கி, அவற்றில் சேறு பூசி, புழுக்கை சிதறிக் கிடக்கும். குனிந்து, கண்ணைப் பயிரின் அடி மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால் அந்தச் சந்து நேராகத் தெரியும். நின்றபடி பார்த்தால் தெரியவே தெரியாது. சித்தப்பா என் முதுகில் கை வைத்து அழுத்துவார். "இன்னும் குனிடா. நீ எலி உசரத்துக்கு வராம எலி போற வழி உனக்கு எப்படித் தெரியும்?"

கிட்டி செய்கிற மூங்கில் முற்றியதாக இருக்க வேண்டும். இளசு வளையும், ஆனால் நிமிராது. வெட்டிய மூங்கிலை வாய்க்கால் தண்ணீரில் ஊறப்போட்டு நிழலில் காயவைத்தால் அவ்வளவாக உளுக்காது. பிறகு பத்தையாகப் பிளந்து உள்சதையைச் சீவி எடுப்போம். வெளித்தோலில் கத்தி படக் கூடாது, வில்லின் விசை முழுவதும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. கணு நடுவில் வந்தால் வில் ஒரு பக்கம் மட்டும் வளையும். தீயில் லேசாகக் காட்டி, எண்ணெய் தடவி, கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துப் பழக்க வேண்டும். நாணுக்கு முன்பு சணலைத் திரித்தோம், மழையில் ஊறி இற்றுப்போகும். இப்போது எல்லாரும் நைலான்தான்.

கிட்டியின் உயிர் பூட்டுக் குச்சியில் இருக்கிறது. வில்லை இழுத்துப் பிடித்து நிறுத்துவது சுண்டுவிரல் நீளமுள்ள அந்தக் குச்சிதான். அதன் நுனியில் கத்தி முனையால் ஒரு சின்ன வெட்டு. வெட்டு ஆழமாகிவிட்டால் எலி இரையைத் தின்றுவிட்டு நிம்மதியாகப் போய்விடும். மேலோட்டமாக இருந்தால் காற்றடித்தாலே விழும். எலி தலையை நுழைத்து இரையை இழுக்கிற நொடியில் வெட்டு நழுவி, வில் நிமிர்ந்து, நாண் கழுத்தில் இறுக வேண்டும். விசை குறைந்த கிட்டி கொல்லாது, வதைக்கும். விடியலில் எலி உயிரோடு துடித்துக்கொண்டு கிடந்தால் அதை அங்கேயே முடித்துவிட்டு, அந்த வில்லை வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டுவிடுவேன். கொல்வதுதான் வேலை என்றாலும் அதில் சித்திரவதைக்கு இடமில்லை.

எக்டேருக்கு 100 கிட்டி என்பது வேளாண்மைத் துறையார் சொல்கிற கணக்கு. ஏக்கருக்கு 40 வரும். அளவு சரிதான், ஆனால் இத்தனை அடிக்கு ஒன்று என்று கோடு போட்டு நட்டால் பாதிக் கிட்டி சும்மா நிற்கும். அடையாளக் குச்சி நட்ட வளைகளைச் சுற்றி நெருக்கமாகவும், மற்ற இடத்தில் இடைவெளி விட்டும் வைப்பேன். கிட்டியின் வாய் தடத்தைப் பார்த்து இருக்க வேண்டும். சேற்றில் ஆட்டம் இல்லாமல் ஊன்ற வேண்டும், ஆடினால் எலி தொடாது. இரைக்குப் பயிர் இளசாக இருக்கும்வரை பொரியரிசியும் வறுத்த நெல்லும் போதும், வாசத்துக்கே வரும். கதிர் முற்றிய பிறகு சுற்றிலும் நெல்லாக இருக்கும்போது இன்னொரு பிடி நெல்லுக்கு அது ஏன் வரும்? அப்போது சுட்ட தேங்காயும் கருவாடும்தான். நிலவு காய்கிற நாட்களைவிட அமாவாசையை ஒட்டிய நாட்களில் அதிகம் விழும். வெளிச்சத்தில் எலி வெட்டவெளியைத் தாண்ட யோசிக்கும்.

பொழுது சாயும்போது வைத்த கிட்டி அத்தனையையும் விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். களையெடுக்கிற பெண்கள் இறங்குகிற வயல் அது, பிள்ளைகள் வரப்பில் ஓடுவார்கள், மடையான் மேய வரும். வைத்த கிட்டியை எண்ணி வைத்து, எடுக்கும்போதும் எண்ண வேண்டும். எடுத்ததும் நாணைத் தளர்த்திவிட வேண்டும், பகல் முழுக்க வளைத்தே வைத்தால் வில் அப்படியே படிந்துபோகும். செத்த எலியை வரப்பில் வீசுவது கெட்ட பழக்கம். எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீரில் வருவது. அதன் கிருமி தேங்கிய தண்ணீரில் கலந்து, காலில் உள்ள புண், வெடிப்பு வழியாக உடம்புக்குள் போய்விடும். அதனால் கையுறை போட்டுத்தான் எடுப்பேன், முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டிப் புதைப்பேன், சோப்புப் போட்டுக் கைகால் கழுவாமல் டீக்கடைப் பக்கம் போகமாட்டேன். காய்ச்சலோடு கெண்டைக்காலும் வலித்து, கண்ணும் சிவந்தால் ஆஸ்பத்திரியில் "நான் வயலில் வேலை செய்கிறேன்" என்பதை முதலில் சொல்ல வேண்டும். கிட்டி வைக்கிற எல்லாருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்கிறேன்.

வயலெலியைச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. நெல் தின்று வளர்ந்த கறி, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேட்டு வருகிறவர்களிடம் பக்கத்து வயலில் மருந்து வைத்திருக்கிறார்களா என்று விசாரித்த பிறகுதான் கொடுப்பேன். மருந்தின் தொல்லை அங்கேதான் இருக்கிறது, அது வைத்த இடத்தில் நிற்பதில்லை. சில மருந்துகளில் எலி சாகப் பல நாள் ஆகும், அதற்குள் தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும். அதைக் கூகை தூக்கிப் போகும். இரவு முழுக்க நமக்காகக் கூலி இல்லாமல் எலி பிடிக்கிற பறவைக்கு நாமே விஷம் ஊட்டுகிறோம். நான் கிட்டி வைக்கிற வயலில் பனைமட்டையையோ தென்னைமட்டையையோ தலைகீழாக நட்டு வைக்கச் சொல்வேன். கூகை வந்து உட்காரும், மறுநாள் மட்டையடியில் எலி எலும்பும் முடியும் உருண்டையாகக் கிடக்கும். சாரைப்பாம்பை அடிக்காதீர்கள் என்றும் சொல்வேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசை வீட்டில் இருந்ததால் எத்தனை குடும்பங்கள் அழுதன என்பது இந்த மாநிலத்துக்கே தெரியும். அரசு அதைத் தடை செய்தது நல்ல காரியம்.

மின்கம்பி விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. எலிக்கும் பன்றிக்கும் என்று வயலைச் சுற்றிக் கம்பி கட்டி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். அது குற்றம். தண்ணீர் பாய்ச்சப் போனவர்களும், மாடு தேடி வந்தவர்களும், கம்பி கட்டியவரின் வீட்டாருமே செத்திருக்கிறார்கள். அப்படிக் கம்பி கட்டிய வயலுக்கு எவ்வளவு கூலி கொடுத்தாலும் நான் போகமாட்டேன். கம்பியைக் கழற்றிய பிறகு கூப்பிட்டால் அன்று சாயங்காலமே வருவேன்.

எலியை என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். வளை வாயைப் பார்த்தே உள்ளே தாய் எலி இருக்கிறதா, எத்தனை வாசல், எந்தப் பக்கம் தப்பிக்கும் என்று சொல்லிவிடுவார்கள். முன்பெல்லாம் மண்பானையில் வைக்கோலைத் திணித்துத் தீ மூட்டி, பானை வாயை வளையில் பொருத்தி, அடியில் உள்ள துளை வழியாக வாயால் ஊதிப் புகை விடுவார்கள். உதடும் கையும் வெந்துபோகும், நெஞ்சு முழுக்கப் புகை. பிறகு கையால் சுற்றுகிற இரும்புப் புகைபோடும் கருவி வந்து அந்தக் கஷ்டத்தைக் குறைத்தது. கருவி மாறினாலும் வளை பார்க்கிற கண் அவர்களுடையது, அதை எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாது.

வீட்டு எலிக்கு வருகிறேன். வீட்டு எலி புதுப் பொருளைக் கண்டு பயப்படும். அதனால் பொறியை வாங்கிய அன்றே விசை ஏற்றக் கூடாது. இரண்டு மூன்று இரவு விசை இல்லாமல் இரை மட்டும் வைத்துத் தின்ன விட வேண்டும், பிறகு ஒரே இரவில் எல்லாப் பொறியையும் ஏற்ற வேண்டும். நடுக்கூடத்தில் வைப்பது வீண். எலி மீசை உரச உரசச் சுவரை ஒட்டியே ஓடும், சுவர் அடியில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருக்கிற கோடு அதன் பாதை. அந்தக் கோட்டில், பொறியின் வாய் சுவரைப் பார்த்திருக்க வைக்க வேண்டும். மசால்வடைத் துண்டோ தேங்காய்ச் சில்லோ, எதுவானாலும் நூலால் கட்டி வைக்க வேண்டும். கட்டாத இரையை நோகாமல் எடுத்துக்கொண்டு போய்விடும், கட்டியிருந்தால் இழுக்கும், இழுத்தால்தான் பொறி விழும்.

பொறி வாங்கக் காசில்லை என்றால் ஒரு வாளி போதும். உயரமான, உள்பக்கம் வழவழப்பான வாளி. அதன் குறுக்கே ஒரு கம்பி. கம்பியில் கோத்த காலி டின் உருளும்படி இருக்க வேண்டும். டின் மேல் வெல்லம் பிசைந்த சோறோ, அரைத்த நிலக்கடலையோ தடவி, வாளி விளிம்புக்கு ஏற ஒரு பலகைச் சாய்ப்பு. சுண்டெலி ஏறி டின் மேல் கால் வைக்கும், டின் உருளும், உள்ளே விழும். ஒரே இரவில் பல விழும், திரும்பப் பொறி ஏற்ற வேண்டிய வேலையும் இல்லை. வாளியில் தண்ணீர் ஊற்றி வைக்கிறார்கள். நான் ஊற்றுவதில்லை. விடிய விடிய நீந்திச் சாக வைப்பது எனக்கு ஒப்பவில்லை. ஒட்டுகிற அட்டையும் அப்படித்தான், தோல் பிய்ந்து கத்திக்கொண்டே கிடக்கும், அதை என் வீட்டுக்குள் விட்டதில்லை. வாளியில் மூஞ்சூறு விழுந்திருந்தால் தோட்டத்தில் விட்டுவிடுங்கள். நீண்ட மூக்கும் கெட்ட நாற்றமுமாக இருப்பதால் எலி என்று அடிக்கிறார்கள். அது எலியே அல்ல, கரப்பான் பூச்சியையும் பாச்சையையும் தின்னும். எலி பிடித்த பிறகு ஓட்டையை அடைக்காவிட்டால் அடுத்தது வரும். சுண்டுவிரல் நுழையாத சந்தில்கூடச் சுண்டெலி நுழையும். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் கடிக்க முடியாது.

தென்னந்தோப்பிலும் வயலில் நடக்கிற கதைதான். விரிந்த மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டியதுபோல முக்கோண வெட்டுத் தெரியும்போது, அதைக் கடித்த காண்டாமிருக வண்டு குருத்துக்குள் வேலையை முடித்து வெகுநாள் ஆகியிருக்கும். அதனால் வெட்டைப் பார்த்து ஓடாமல், மழைக்காலத்துக்கு முன்பே பானைகளை வைக்கிறேன். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை ஐந்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மண்பானைகளில் ஊற்றித் தோப்பில் அங்கங்கே வைத்தால், புளித்த வாசத்துக்கு வண்டு வந்து விழும். விழுந்ததைத் தினமும் அள்ளிப் போட வேண்டும். எருக்குழியையும் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டும், அங்கேதான் அது வளர்கிறது. பாகல், புடலைப் பந்தலில் பழ ஈக்குத் துளையிட்ட பாட்டிலில் நனைத்த கருவாட்டுத்தூள் வைப்பேன். நெல்லுக்கு விளக்குப் பொறி வைப்பவர்கள் இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுவது நல்லது, விடிய விடிய எரிந்தால் நன்மை செய்கிற பூச்சியும் சேர்ந்து விழும்.

மறுபடி வயலுக்கு வருகிறேன். எங்கள் தொழிலில் கூலி இரண்டு விதமாகப் பேசுவார்கள். விழுந்த எலிக்கு இவ்வளவு என்பது ஒன்று, வைத்த கிட்டிக்கு இவ்வளவு என்பது இன்னொன்று. எலிக்கணக்குதான் நியாயமாகத் தோன்றும். ஆனால் எலி குறைவாக இருக்கிற காலத்தில் அந்தக் கணக்கில் கிட்டிக்காரனுக்குச் சோறு கிடைக்காது, அதனால் அவனும் வரமாட்டான். எலி பெருகி, கதிர் விழுந்த பிறகுதான் கிட்டிக்காரன் கை நிறையும். விவசாயியின் நட்டமும் என் வருமானமும் ஒன்றாக ஏறுகிற ஏற்பாடு அது. நான் கிட்டிக் கணக்குக்கு மாறிவிட்டேன். மாறச் சொல்லி மற்றவர்களிடமும் கேட்கிறேன்.

இன்னொன்று, ஒருவர் மட்டும் கிட்டி வைத்துப் பயனில்லை. என் வயலைச் சுத்தம் செய்தால் பக்கத்து வயல் எலி வந்து காலி வளையில் குடியேறும். ஒரு மடையில் பாய்கிற வயல்காரர்கள் அத்தனை பேரும் ஒரே வாரத்தில் வைக்க வேண்டும். வரப்பையும் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் விடாமல் செதுக்கி வைத்தால் வரப்பெலிக்கு அறை தோண்ட இடம் கிடைக்காது. கோடையில் எலியெல்லாம் வாய்க்கால் கரையிலும், வைக்கோல் போரடியிலும், உளுந்து நிலத்திலும் கிடக்கும். மேட்டூர் அணையில் வழக்கமாக ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்து, அது எங்கள் மடைக்கு வந்து சேர்ந்ததும் தாழ்ந்த இடத்து எலியெல்லாம் வரப்புக்கு ஏறிவிடும். ஒதுங்க வேறு இடமில்லை, தின்னப் பயிரும் இல்லை, பொரியரிசிக்கு அப்போது வருகிற வேகம் வேறு எப்போதும் வராது. எங்கள் மடையில் 11 பேருக்கு நிலம் இருக்கிறது. இந்த முறை நாற்றங்காலுக்குத் தண்ணீர் வைக்கிற வாரத்திலேயே கிட்டி போடலாம் என்று 9 பேர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இருவரிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன்.